ஓடிப்போகாத சாட்சிகள்

விழிஞத்தில் கடல் வற்றிக் கிடந்த ஒரு காலை நேரம். சிப்பி எடுப்பவர்கள் பாறையிலிருந்து பெயர்த்து வந்து கொட்டிய குவியலில் ஏதோ நெளிந்தது. விரல் நீளம், இளஞ்சிவப்பு நிறம், இரண்டு பக்கமும் பஞ்சு வைத்தாற்போல வெள்ளை மயிர். பார்க்க அழகாக இருந்ததால் தொட்டேன். பக்கத்தில் இருந்தவர், “சாரே, தொடாதீங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் காரியம் நடந்துவிட்டது. பஞ்சு என்று நினைத்தது கண்ணாடித் தூள் மாதிரி விரலில் ஏறிவிட்டது. ஒட்டும் டேப்பை வைத்து உரித்ததில் பாதி வந்தது. மீதி இரண்டு நாள் எரிந்தது.

குத்தியது ஒரு புழு. நம் தோட்டத்து மண்புழுவுக்குத் தூரத்துச் சொந்தம். மண்புழு, அட்டை, இது எல்லாமே வளைதசைப் புழுக்கள்தான். கடலில் வாழும் இந்தப் பிரிவுக்கு பாலிகீட்டா என்று பெயர். கிரேக்க மொழியில் ‘நிறைய மயிர்’ என்று அர்த்தம். கல்லூரியில் விலங்கியல் படித்தவர்களுக்கு ‘நீரிஸ்’ ஞாபகம் இருக்கும். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்கி, மறந்துபோன புழு. என் விரலில் ஏறியது அதன் முரட்டு உறவினரான நெருப்புப் புழு. உள்ளே துளையுள்ள சுண்ணாம்பு ஊசிகள்தான் அந்த வெள்ளை மயிர்கள்.

எரிச்சல் அடங்கிய பிறகு இந்தப் புழுக்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, கடல் என்றால் மீன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் பாமரத்தனம்தான் உறைத்தது. உலகில் இதுவரை பெயர் வைக்கப்பட்ட பாலிகீட்டா இனங்கள் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகம். கரையோரச் சேற்றிலிருந்து ஆழ்கடல் வெந்நீர் ஊற்று வரை இவை இல்லாத இடம் இல்லை. 2002ல் கலிபோர்னியாவின் மான்ட்டெரி கடலில், ஏறக்குறைய 2,900 மீட்டர் ஆழத்தில் செத்துக் கிடந்த திமிங்கிலத்தின் எலும்பில் வேர்விட்டு வாழும் புழு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. எலும்பைக் கரைத்து உறிஞ்சி, உள்ளே குடியிருக்கும் பாக்டீரியாக்களின் தயவில் வாழ்கிறது.

பசிபிக் தீவான சமோவாவில் பாலோலோ என்று ஒரு புழு. வருஷம் முழுவதும் பவளப்பாறைப் பொந்துக்குள் இருக்கும். அக்டோபரிலோ நவம்பரிலோ, தேய்பிறை பாதியான நாளை ஒட்டி, விடியலுக்கு முன் தன் உடம்பின் பின்பாதியை மட்டும் கழற்றி மேலே அனுப்பும். அதில் இருப்பது முட்டையும் விந்தும்தான். தலை பொந்திலேயே பத்திரமாக இருந்து, மறுபடி உடம்பை வளர்த்துக்கொள்ளும். பஞ்சாங்கம் பார்க்காமலே லட்சக்கணக்கான புழுக்கள் ஒரே முகூர்த்தத்தில் இதைச் செய்கின்றன. சமோவாக்காரர்கள் வலையோடு காத்திருந்து அள்ளி வறுத்துத் தின்கிறார்கள்.

இன்னொரு வகை, இனப்பெருக்கக் காலத்தில் நீரின் மேல்மட்டத்தில் பச்சை ஒளி வீசிச் சுற்றும். 1492 அக்டோபரில் கரை காண்பதற்கு முந்தைய இரவு, தூரத்தில் மெழுகுவர்த்தி போல ஒரு வெளிச்சம் ஏறி இறங்கியதாக கொலம்பஸ் குறித்து வைத்தார். அது இந்தப் புழுக்களாக இருக்கலாம் என்று ஒரு விஞ்ஞானி 1935ல் எழுதினார். நிரூபிக்க வழியில்லை. ஆனால் அழகான சந்தேகம்.

வைத்தியத்துக்கும் புழு வந்துவிட்டது. ஐரோப்பியக் கடற்கரை மணலில் வாழும் அரெனிகோலா என்ற புழுவின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், ஒரு மூலக்கூறுக்கு 156 ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். நம்முடையது சுமப்பது 4. மாற்று சிகிச்சைக்காக எடுத்த சிறுநீரகம் கெடாமல் இருக்க இதைப் பயன்படுத்தும் பரிசோதனைகளை பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் நோயாளிகளிடமே நடத்தியிருக்கிறார்கள். தூண்டிலில் கோத்துப் போட்ட புழுவுக்கு வந்த யோகம் இது.

இவ்வளவு தூரம் போவானேன்? கேரளத்தின் தென்கரைப் பாறைகளிலேயே ஒரு கொத்தனார் குடும்பம் இருக்கிறது. சபெல்லாரியா இனத்துப் புழுக்கள். அலை கிளப்பிவிடும் மணலிலிருந்து ஒவ்வொரு மணியாகப் பிடித்து, அளவு பார்த்து, பிடிக்காததை எறிந்துவிட்டு, பிடித்ததில் இரண்டு பொட்டு பசை வைத்து ஒட்டுகின்றன. ஒவ்வொரு புழுவுக்கும் ஒரு குழாய் வீடு. ஆயிரக்கணக்கான வீடுகள் சேர்ந்தால் தேன்கூடு போல ஒரு மணல் மேடு. விழிஞத்தில் பணியாற்றிய கடல்மீன் ஆராய்ச்சியாளர் ஜி.பி. குமாரசாமி ஆச்சாரி இந்தக் குடும்பத்தைப் பற்றி 1970களிலேயே எழுதியிருக்கிறார். இவற்றின் அமெரிக்க உறவுக்காரப் புழுவை ஆராய்ந்த யூட்டா பல்கலைக்கழகத்தினர், அதன் பசை கடல்நீருக்குள்ளேயே அரை நிமிஷத்தில் இறுகிவிடுவதைக் கண்டார்கள். ஈரத்தில் ஒட்டுகிற பசை நம்மிடம் ஏது? உடைந்த எலும்புத் துண்டுகளை ஒட்டவைக்க அதே மாதிரிப் பசை தயாரிக்க முயல்கிறார்கள்.

திருவனந்தபுரத்துக்கு இந்த விஷயத்தில் நல்ல பரம்பரை உண்டு. திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1937ல் பிறந்தது. மறு வருஷமே கடல் உயிரியலுக்கு ஒரு துறை தொடங்கிவிட்டார்கள். கன்னியாகுமரியும் குளச்சலும் அன்று அதே சமஸ்தானத்தில்தான் இருந்தன. 1956 நவம்பரில்தான் பிரிந்தன. இன்று அந்தத் துறை காரியவட்டம் வளாகத்தில், கேரள பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல் மற்றும் மீன்வளத் துறையாக இருக்கிறது.

அங்கே பேராசிரியராக இருந்த என். பாலகிருஷ்ணன் நாயர் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மரம் துளைக்கும் கடல் உயிர்களுக்குக் கொடுத்தார். 1971ல் பட்நாகர் பரிசு பெற்றவர். அவர் ஆராய்ந்தவற்றில் முக்கியமானது ‘கப்பல் புழு’. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பியின் உறவு. ஓட்டை உடம்பின் முன்முனையில் வைத்துக்கொண்டு மரத்தை ராவித் துளைத்துப் போகும். பார்க்க ஆனந்தமாக இருக்கும். ஆனால் அது துளைப்பது ஒரு ஏழை மீனவனின் கட்டுமரத்தை. கடலுக்குப் போய்வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் கரையில் காயப்போடுவதில் இந்தப் பகையும் ஒரு காரணம். லண்டனில் தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்டிய மார்க் புருனெல், பாதுகாப்பாகத் தோண்டும் யோசனையை இந்தப் பிராணியைப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார் என்பார்கள். அந்தச் சுரங்கம் 1843ல் திறக்கப்பட்டது.

இதெல்லாம் ரசிக்க வேண்டிய சமாசாரம். கவலைப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

பாண்டியரும் சோழரும் ஒரு காலத்தில் கண் வைத்த விழிஞம், இன்று இந்தியாவின் பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகங்களில் ஒன்று. 2015 டிசம்பரில் வேலை ஆரம்பித்தது. 2024 டிசம்பரில் வர்த்தகம் தொடங்கியது. 2025 மே 2ம் தேதி பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். கரைக்கு மிக அருகிலேயே 18 மீட்டருக்கு மேல் இயற்கையான ஆழம், சர்வதேசக் கப்பல் பாதைக்குப் பக்கம். இடம் பொருத்தமானது என்பதில் சந்தேகமில்லை. இதற்காகக் கடலுக்குள் ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்குக் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள்.

இந்தச் சுவரும் மணல் தோண்டலும் கரையை அரிக்கின்றன என்பது மீனவர்களின் குற்றச்சாட்டு. 2022 ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, லத்தீன் கத்தோலிக்கத் திருச்சபை தலைமையில் நாலு மாதம் போராடினார்கள். கரை அரிப்பு துறைமுகத்துக்கு முன்பே இருந்தது, ஒக்கி போன்ற புயல்களும் பருவநிலையும்தான் காரணம் என்பது மறுதரப்பு வாதம். சங்குமுகத்தில் சாலையே கடலுக்குள் போனதையும், 1956ல் கட்டிய வலியதுறைப் பாலம் 2024 மார்ச்சில் இரண்டாகப் பிளந்ததையும் எல்லோரும் பார்த்தார்கள். யார் காரணம் என்பதில்தான் சண்டை.

கரையின் கதையையாவது படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். செயற்கைக்கோள் படம் இருக்கிறது, பழைய வரைபடம் இருக்கிறது. தண்ணீருக்கு அடியில் நடந்ததற்கு என்ன சாட்சி? ‘சிப்பி குறைந்துபோச்சு, பார் மூடிப்போச்சு’ என்று மூச்சடக்கி முங்குகிறவர் சொன்னால், அது அவருடைய பேச்சு என்று தள்ளிவிடலாம். வாழ்வாதாரம் போனதற்காகச் சிப்பித் தொழிலாளர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். தொழிலுக்கு விலை போட முடிந்தது. அந்தப் பாறையில் என்னென்ன இருந்தன என்ற கணக்குக்கு நஷ்டஈடு கிடையாது.

இங்கேதான் நம் புழு கோர்ட்டுக்கு வருகிறது. மீன் நல்ல சாட்சி அல்ல. தண்ணீர் கெட்டால் வேறு இடத்துக்குப் போய்விடும். சேற்றிலும் மணலிலும் வீடு கட்டியிருக்கும் புழு, வளர்ந்தபின் பெரும்பாலும் இடம் பெயராது. நல்லதோ கெட்டதோ அங்கேயே இருந்து அனுபவிக்கும், அல்லது செத்துப்போகும். எந்த இனம் போயிற்று, எந்த இனம் புதிதாக வந்து பெருகிற்று என்று பார்த்தால், அந்த இடத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிடலாம். ஐரோப்பிய நாடுகள் தங்கள் கரையோரக் கடலுக்கு மதிப்பெண் போடுவதே இம்மாதிரி அடிமட்ட உயிர்களை எண்ணித்தான்.

ஒரு பிரபலமான வழக்கைச் சொல்ல வேண்டும். 1969 செப்டம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வெஸ்ட் ஃபால்மவுத் அருகே ஃப்ளாரிடா என்ற எண்ணெய்ப் படகு தரைதட்டி, எரிபொருள் எண்ணெய் கொட்டியது. அடிச் சேற்றில் இருந்த உயிர்கள் கூட்டமாகச் செத்தன. கொஞ்ச நாளில் அந்த வெற்றிடத்தில் காப்பிடெல்லா என்ற மெல்லிய சிவப்புப் புழு கோடிக்கணக்கில் பெருகியது. ‘காப்பிடெல்லா காப்பிடேட்டா பெருகினால் அங்கே மாசு’ என்று உலகம் முழுக்க எழுதி வைத்துக்கொண்டார்கள். ஜூடித் கிராஸ்ல், ஃப்ரெட்ரிக் கிராஸ்ல் என்ற விஞ்ஞானித் தம்பதி அதே புழுக்களை வளர்த்துப் பார்த்து 1976ல் ஒரு குண்டைப் போட்டார்கள். ஒரே இனம் என்று எல்லோரும் நினைத்தது ஒன்றல்ல, ஆறு இனங்கள். பார்வைக்கு அச்சு அசல் ஒரே மாதிரி. இனப்பெருக்கத்தில் ஒவ்வொன்றும் தனி வழி.

சாட்சி யார் என்பதே தெரியாமல் சாட்சியத்தைப் பதிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம். நம் நாட்டுக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். இந்தியக் கடல் புழுக்களுக்கு இன்றும் ஆதார நூல், பிரான்ஸ் நாட்டு நிபுணர் பியர் ஃபாவெல் எழுதி 1953ல் வெளிவந்த புத்தகம்தான். மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவு உள்பட, சென்னை அருங்காட்சியகம் சேர்த்துவைத்த புழுக்களைப் பார்த்து 1930லேயே அவர் ஒரு பட்டியல் எழுதினார். மகத்தான உழைப்பு. ஆனால் அந்தக் காலத்து வழக்கப்படி, ஐரோப்பாவில் பெயர் வைத்த இனங்களின் பெயரே இங்குள்ள புழுக்கள் பலவற்றுக்கும் விழுந்தது. ‘உலகம் முழுவதும் இருக்கும் இனம்’ என்று சொல்லப்பட்டவை பல, உண்மையில் வேறு வேறு இனங்கள் என்று இப்போது நிபுணர்கள் பிரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2012ல் கூட, கேரளத்தின் தென்கரையிலிருந்து அதுவரை அறிவியலுக்குத் தெரியாத ஒரு புழு, நமலிகாஸ்டிஸ் ஜயா என்ற பெயரில் வெளிச்சத்துக்கு வந்தது. நம் காலடிச் சேற்றிலேயே இன்னும் பெயரில்லாத குடிமக்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பெயர்க் குழப்பம் புழுவோடு நிற்கவில்லை. விழிஞத்துப் பாறையில் இருக்கும் பழுப்புச் சிப்பிக்கு, குரியாக்கோஸும் பாலகிருஷ்ணன் நாயரும் 1976ல் பெர்னா இண்டிகா என்று இந்தியப் பெயர் வைத்தார்கள். பின்னால் மரபணுவை ஒப்பிட்டவர்கள், இது ஆப்பிரிக்கக் கரையிலும் இருக்கும் பெர்னா பெர்னாதான் என்கிறார்கள். விஞ்ஞானத்தில் இப்படி மாற்றி எழுதுவது கேவலமல்ல. மாற்றி எழுத ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஆள் குறைந்துவருகிறது. ஒரு புழுவை நுண்ணோக்கியில் வைத்து, மயிர் மயிராகப் பார்த்து, இது இன்னது என்று சொல்லக் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆகும். அதற்கு வேலைவாய்ப்பு விளம்பரம் வருவதில்லை. உயிரியல் படிக்கும் பிள்ளைகள் மரபணுப் பக்கம் போகிறார்கள். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மரபணுப் பரிசோதனை ஒரு எண் வரிசையைத்தான் தரும். அந்த வரிசை எந்தப் புழுவுடையது என்று முதலில் ஒருவர் கண்ணால் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு வகை நிபுணர்களும் குறைந்துவருகிறார்கள். அவர்கள் பட்டம் வாங்காதவர்கள். கடலடிப் பாறைத் திட்டுக்கு விழிஞத்திலும் ‘பார்’ என்றுதான் பேர், தூத்துக்குடி முத்துப்பாரில் வரும் அதே பார். கரையில் தெரியும் மலை, கோபுரம், தென்னை இவற்றை ஒன்றுக்கு நேர் ஒன்றாக வைத்து, நடுக்கடலில் பார் இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்வார்கள். கணிச்சம் என்று பெயர். மீனவக் குடும்பத்தில் பிறந்த ராபர்ட் பனிப்பிள்ளை, ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப் என்ற அமைப்பின் மூலம் இந்தப் பார்களில் முங்கிப் படமெடுத்து, அங்கிருக்கும் உயிர்களை வருஷக்கணக்காகப் பதிவு செய்துவருகிறார். பெரியவர்களின் தலையில் இருக்கும் வரைபடம் அவர்களோடு போய்விடக் கூடாது என்ற பயம்தான் காரணம். ஜி.பி.எஸ். வந்தபின் பிள்ளைகளுக்குக் கணிச்சம் தேவைப்படுவதில்லை. ஜி.பி.எஸ். பார் எங்கே என்று சொல்லும். அதன் மேல் என்ன முளைத்திருந்தது என்று சொல்லாது.

இந்த அவசரம் கற்பனையல்ல. 2025 மே 25ம் தேதி, விழிஞத்திலிருந்து கொச்சிக்குக் கிளம்பிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற சரக்குக் கப்பல், 640 பெட்டகங்களோடு கேரளக் கடலில் மூழ்கியது. அரிசிமணி அளவுக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கரையில் வந்து ஒதுங்கின. கன்னியாகுமரி மாவட்டம் வரை போயின. தொண்டர்கள் சல்லடை வைத்துச் சலித்தார்கள். சலித்தது போக மீதி மணலுக்குள்தான் இருக்கும்; உடைந்து உடைந்து தூளாகும். பிளாஸ்டிக் தூள் கலந்த சேற்றில் வாழும் அரெனிகோலா புழுக்கள் சரியாகத் தின்னாமல் மெலிந்துபோவதை 2013ல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு காட்டியிருக்கிறது. நம் புழுக்களுக்கு என்ன ஆகும்? சொல்ல வேண்டுமானால், கப்பல் மூழ்குவதற்கு முன் அங்கே எந்தப் புழு எத்தனை இருந்தது என்ற கணக்கு வேண்டும்.

துறைமுகம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. துறைமுகம் வந்துவிட்டது. அடுத்த கட்ட விரிவாக்கமும் வரும். சுற்றுச்சூழல் அறிக்கைகளில் கடலடி உயிர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு. அதில் ‘பாலிகீட்டா: இத்தனை’ என்று மொத்தமாக ஒரு வரி போட்டால் அது கணக்கல்ல, சடங்கு. மக்கள்தொகைக் கணக்கில் ‘மனிதர்கள்: இத்தனை’ என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்வோமா? இனம் இனமாகப் பெயர் சொல்லி, பருவத்துக்குப் பருவம், ஒரே இடத்தில் வருஷக்கணக்காக எண்ண வேண்டும். துறைமுகத்தின் செலவில் இது தூசு. எண்ணும் வேலையைக் காரியவட்டத்து மாணவர்களும் விழிஞத்துச் சிப்பிக்காரர்களும் சேர்ந்தே செய்யலாம். ஒருவருக்கு லத்தீன் பெயர் தெரியும், இன்னொருவருக்கு இடம் தெரியும். கணக்கு கையில் இருந்தால், துறைமுகத்தால் கேடு இல்லை என்றால் அதையும் அது சொல்லும். இரண்டு தரப்பும் பயப்படாமல் கூண்டில் ஏற்றக்கூடிய சாட்சி இதைவிட வேறில்லை.

அன்றைக்கு என் விரலில் டேப் ஒட்டி உரித்தவரிடம், இந்தப் புழுவுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டேன். சிரித்தார். “சிப்பிக்கு விலை உண்டு, பேரும் உண்டு. இதுக்கு என்னத்துக்கு சாரே பேரு?” என்றார். குவியலிலிருந்து அதை ஒரு குச்சியால் லாவகமாக எடுத்துப் பாறைக் குழியில் விட்டார். மயிரைச் சிலிர்த்துக்கொண்டு அது சிப்பிகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. நூறடி தள்ளி அலைதடுப்புச் சுவர் தெரிந்தது.